தாளில் இல்லாத பீக்

விடைத்தாள் திருத்தும் அறையில் மின்விசிறியைப் போடக் கூடாது என்பது எழுதாத சட்டம். போட்டால் தாள் பறக்கும், கட்டு கலையும், கட்டு கலைந்தால் துறைத் தலைவர் வந்து நிற்பார். "ஒரு பக்கம் பாத்தா உங்க மேல தப்பு இல்ல. இன்னொரு பக்கம் பாத்தா…" என்று தொடங்குவார். இரண்டு பக்கமும் வைத்து நிறுக்காமல் அவரால் ஒரு டீ கூடச் சொல்ல முடியாது. அதனால் அவருக்குத் தராசு என்று பெயர். அவர் வாயில் விழுவதைவிட வேர்ப்பது மேல் என்று எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கேள்வியாகப் பிரித்துக்கொண்டு திருத்துவார்கள்.

நான்காவது கேள்வி டீச்சருக்கு. அந்தக் கல்லூரியில் கரிம வேதியியல் நடத்துகிற அவளை மாணவர்கள் மேடம் என்பார்கள். வீட்டிலும் தெருவிலும் அவள் டீச்சர்தான். கணவர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். கேள்வியும் அவளே தயாரித்தது. ஆனால் எந்தக் கேள்வியை யார் தயாரித்தார்கள் என்பது தராசுக்கு மட்டுமே தெரிய வேண்டிய ரகசியம்.

ஒன்பது கார்பன், பத்து ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் கொண்ட ஒரு திரவம். அது எது என்று கண்டுபிடி. இதுதான் கேள்வியின் முதல் பாதி. கூடவே ஒரு படம். அந்தத் திரவத்தின் ஹைட்ரஜன் அணுக்கள் எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் காந்தக் கருவி எழுதிக் காட்டிய நீளக் கோடு. கோட்டில் அங்கங்கே கம்பி நட்டதுபோல் எழும் முகடுகளை எல்லோரும் பீக் என்பார்கள். ஒவ்வொரு பீக்குக்கும் கீழே அது நிற்கிற இடத்தின் எண் இருக்கும். எந்த எண், எவ்வளவு உயரம், எத்தனையாகப் பிளந்திருக்கிறது என்பதை வைத்து மூலக்கூறின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஆளைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் அசையும் நிழலைப் பார்த்து ஆளைச் சொல்கிற வேலை. இரண்டாவது பாதி, அந்தத் திரவத்தை அமிலத்திலிருந்தும் ஆல்கஹாலிலிருந்தும் செய்தால் ஆற்றல் எப்படி ஏறி இறங்கும் என்று வரைந்து காட்டுவது.

விடை எத்தில் பென்சோயேட் என்கிற எஸ்டர். அதே அணுக்களை வேறு விதமாக அடுக்கினால் பென்சைல் அசிட்டேட் வரும். சரியாகப் படிக்காதவர்கள் அங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

கட்டின் பாதியில் ஒரு தாள் வந்தது. படித்துக்கொண்டே போனபோது டீச்சருக்கு மனசு குளிர்ந்தது. ஒவ்வொரு பீக்கும் அதனதன் இடத்தில். வளையம், அதை ஒட்டிய எஸ்டர், நாலாகப் பிளந்தது, மூன்றாகப் பிளந்தது, எல்லாம் சுத்தம். கடைசியில் ஒரு வரி:

'2.17-இல் உள்ள சிறிய பீக் அசிட்டோன். குழாய் கழுவியதில் மிஞ்சியது. சேர்மத்துக்குச் சம்பந்தமில்லை, கணக்கில் எடுக்கவில்லை.'

"சபாஷ்" என்று வாய்க்குள் சொல்லி, ஒரு சரி போட்டாள். பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது. வினாத்தாளை இழுத்து அச்சான படத்தைப் பார்த்தாள். 2.17-இல் ஒன்றுமே இல்லை. கோடு வழித்துவிட்ட தரைபோல் கிடந்தது.

எப்படி இருக்கும்? அவளேதான் அதை அழித்தாள். கருவி எழுதிய அசல் படத்தில் அந்தக் குட்டிப் பீக் இருந்தது. பென்சைல் அசிட்டேட்டின் பீக் ஒன்றும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வரும். பிள்ளைகள் பாவம், குழம்பிவிடுவார்கள் என்று வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கணினியில் அதைத் துடைத்துவிட்டுத்தான் தராசிடம் கொடுத்தாள். கருவிக்குள் வைக்கும் கண்ணாடிக் குழாயை எந்தச் சோம்பேறி கழுவிக் காயவைக்காமல் விட்டானோ என்று திட்டிக்கொண்டே துடைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது.

அப்படியென்றால் இந்தத் தாளை எழுதிய ஆள் அசல் படத்தைப் பார்த்திருக்கிறது.

பெயர் கிழிக்கப்பட்டு எண் மட்டும் ஒட்டியிருந்தது. ஆனால் பென்சீன் வளையத்தை வரைந்திருந்த விதத்துக்கு எண் தேவைப்படவில்லை. அறுகோணம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, உள்ளே போட்ட வட்டம் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எரிவாயு பில்லின் பின்பக்கம், மாத்திரை அட்டை, பழைய உறை என்று வீட்டில் கிடைத்த இடமெல்லாம் அந்த வளையம்தான். சிட்டு போட்டது.

சிட்டு அவள் கணவரின் அக்கா மகள். நாத்தனார் வேலைமாற்றத்தில் தொலைவுக்குப் போனதிலிருந்து அந்தப் பெண் டீச்சர் வீட்டில்தான் தங்கிப் படிக்கிறாள். உறவை மறைக்கவில்லை, முதல் வருஷமே தராசிடம் சொல்லியாகிவிட்டது. "ஒரு பக்கம் பாத்தா சொந்தம். இன்னொரு பக்கம் பாத்தா தாள்ல வெறும் நம்பர்தானே" என்று அவர் அனுமதித்திருந்தார்.

கேள்வியை முன்னாலேயே பார்த்தது நிரூபணமானால் எழுதியவருக்கு இரண்டு வருஷம் எந்தத் தேர்வும் கிடையாது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும், அடுத்த மாதமே சிட்டுவுக்கு மேல்படிப்பு இடம் உறுதியாக வேண்டிய நேரம். அது போய்விடும். கேள்வியை வீட்டில் வைத்திருந்தவளின் வேலையும் கூடவே போகும்.

"என்ன மேடம், அந்தத் தாள்ல படம் ஓடுதா?"

பக்கத்து மேஜைக்காரர். இயற்பியல் வேதியியல் நடத்துபவர். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து பேசுவதால் ஊசி.

"கையெழுத்து புரியல சார்."

"புரியலன்னா முட்டை போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். கண்ணாடி மாத்தணும்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து என் கிளாஸ்ல பாதிப் பேர் ஃபெயில்." கையை நீட்டினார். "குடுங்க, நான் பாக்கிறேன்."

"வேண்டாம் சார். புரிஞ்சிடுச்சு."

"அதுக்குள்ளயா?"

அந்த 'அதுக்குள்ளயா' டீச்சரின் காதிலேயே உட்கார்ந்துகொண்டது. மதிப்பெண் போடாமல் தாளைக் கட்டின் நடுவில் செருகினாள். இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. மீதித் தாள்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புரட்டினாள். பென்சைல் அசிட்டேட் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். கார்பனுக்கு ஐந்து கைகளைக் கொடுத்து, அதற்கும் ஒரு பெயர் சூட்டியிருந்த தைரியசாலியும் இருந்தான். 2.17 என்று எழுதியவர் வேறு ஒருவர்கூட இல்லை.

நாளை மதியத்துக்குள் கட்டுகளை ஒப்படைத்துவிட வேண்டும்.

*

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனசு ஒரே வேலையாக இருந்தது. கணினி சாப்பாட்டு மேஜையில் திறந்தபடி கிடந்திருக்கிறது. கடவுச்சொல் கல்யாண நாள். மறந்துவிடக் கூடாது என்று கணவர் வைத்தது. அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவள் குளிக்கப் போன நேரம், கடைக்குப் போன நேரம், தொலைபேசியில் நாத்தனாரோடு பேசிய நேரம், எத்தனையோ நேரம் இருந்தது. சந்தேகம் ஒரு பீக், இரண்டு பீக், மூன்று பீக் என்று கோட்டின்மேல் எழும்பிக்கொண்டே போனது. எல்லாம் ஒரே ஆளைத்தான் காட்டியது.

கதவைத் திறந்தபோது சிட்டு சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுகிறவர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, நனைந்த சரக்கு என்று பகலெல்லாம் போய்ப் பார்த்து, தானாக நடந்ததா நடத்திவைத்ததா என்று கண்டுபிடிப்பது பிழைப்பு. இருக்கிற சந்தேகமெல்லாம் ஆபீசிலேயே செலவாகிவிடுவதால் வீட்டுக்கு வந்தால் யார் எது சொன்னாலும் நம்புவார்.

"அத்தை, டீ போடவா?" என்றாள் சிட்டு.

"போடு." டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள், "பரீட்சை எல்லாம் எப்படிப் போச்சு? நான் கேக்கவே இல்லையே."

"நல்லாத்தான் போச்சு."

"நாலாவது கேள்வி?"

கத்தி நின்றது. ஒரு கேரட் துண்டு உருண்டு தொட்டியில் விழுந்தது. சிட்டு அதை எடுத்துக் கழுவிய நேரம், ஒரு கேரட்டுக்குத் தேவையானதைவிட அதிகம்.

"ஈஸிதான். நீங்க குடுத்த கேள்விதானே."

"நான் குடுத்ததுன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"தெரிஞ்சுது." சிட்டு திரும்பிப் பார்க்கவில்லை. "உங்க கேள்வி மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான்."

"என் கேள்விக்குன்னு தனி வாசனையா அடிக்குது?"

"விடுங்க அத்தை. முடிஞ்சுபோன பரீட்சை." டீக்கான தண்ணீரை வைக்க மறந்து, அறைக்குள் போய்விட்டாள்.

கணவர் ஒருவழியாகக் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்டெடுத்தார். "என்ன, ரெண்டு பேருக்கும் நடுவுல தீப்பொறி பறக்குது?"

டீச்சர் அவரைப் பின்பக்க வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு ஈரத் துண்டைத் தோளிலிருந்து விலக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் உன் வீட்டுக்காரனா கேக்கவா, ஆபீசரா கேக்கவா?"

"எப்படியோ கேளுங்க."

"திருடினவ எதுக்கு அதை எழுதணும்?"

"என்ன?"

"கடைக்குத் தீ வச்சவன் இருக்கான் பாரு, அவனைக் கேட்டா எல்லாத்துக்கும் பதில் அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கும். சரக்கு எங்க இருந்துச்சு, எவ்ளோ இருந்துச்சு, டக் டக்னு சொல்வான். நிஜமாவே கடை எரிஞ்சவன்தான் இல்லாத அலமாரியை இருந்துச்சும்பான். திருட்டுத்தனமா படத்தைப் பாத்துட்டுப் போனவ, தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவா. இல்லாததை எழுதி மாட்டிக்குவாளா?"

"உங்க அக்கா பொண்ணுங்கிறதால சொல்றீங்க."

"என் அக்கா பொண்ணுன்னு நான் சொல்லவே இல்லையே."

"ஒவ்வொரு வார்த்தையிலயும் அதைத்தான் சொல்றீங்க."

"சரி, டீச்சர்" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

*

சாப்பிட்டு மேஜையைத் துடைத்ததும் டீச்சர் வினாத்தாளைக் கொண்டுவந்து போட்டாள். விடைத்தாளைப் பற்றிப் பேசக் கூடாது என்று தெரியும். வினாத்தாளைப் பற்றிப் பேசலாம் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் செய்துகொண்டாள்.

"உக்காரு சிட்டு. இதை எனக்குப் போட்டுக் காட்டு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நீங்க சும்மா எதையும் கேக்க மாட்டீங்க." ஆனாலும் உட்கார்ந்தாள். "ரெண்டாவது பாதியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

முதல் பாதியை ஏன் தள்ளிப்போடுகிறாள் என்று டீச்சரின் மூக்கு வியர்த்தது. "சரி, சொல்லு."

சிட்டு மலைபோல் ஒரு கோடு வரைந்தாள். "உடையிறது, அமிலத்துப் பக்கம் ஒரு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு, ஆல்கஹால் பக்கம் ஒரு ஆக்சிஜன்–ஹைட்ரஜன். புதுசா சேர்றதும் அதே ரெண்டு வகைதான். அட்டவணைப்படி போட்டதும் வந்ததும் சமம், வெப்பம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால வினை தானா ஒரு பக்கமா ஓடாது. ஆல்கஹாலை அதிகமா ஊத்தணும், இல்ல வர்ற தண்ணிய எடுத்துக்கிட்டே இருக்கணும்."

"கந்தக அமிலம் எதுக்கு?"

"நடுவுல இருக்கிற ஏத்தத்தைக் குறைக்க. சீக்கிரம் போய்ச் சேரலாம், ஆனா போய்ச் சேர்ற இடம் மாறாது." குரலில் தடுமாற்றமே இல்லை. கணவர் சோபாவில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். வெகுநேரமாகப் பக்கம் திருப்பவில்லை.

"இப்ப முதல் பாதி."

சிட்டு மூச்சை இழுத்துவிட்டாள். படத்தின்மேல் விரலை வைத்தாளே தவிர, கண் எதிர்ச் சுவரில் இருந்தது. ஒப்புவிக்கிறவளைப்போல் சொன்னாள். "எட்டு கிட்ட ரெண்டு ஹைட்ரஜன், ஏழரை கிட்ட மூணு, அது வளையம். நாலு புள்ளி நாலுல நாலாப் பிரிஞ்சது, ஆக்சிஜனை ஒட்டின கார்பன். ஒண்ணு புள்ளி நாலுல மூணாப் பிரிஞ்சது, அதுக்கடுத்த மெத்தில். அப்புறம் ரெண்டு புள்ளி ஒண்ணு ஏழுல ஒரு குட்டி பீக், அது வந்து…"

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திகிலோடு டீச்சர் நிமிர்ந்தாள். ஆனால் சிட்டு அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தாளைப் பார்த்தாள். விரலால் கோட்டைத் தேய்த்தாள். தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"அத்தை, எங்க போச்சு அது?"

"எது?"

"என் அசிட்டோன்."

"உன் அசிட்டோனா?"

"நான் கழுவின குழாய் அத்தை! லேப்ல நாங்க செஞ்ச எஸ்டர். காயறதுக்குள்ள அவசரமா ஊத்திட்டேன். படத்துல இந்தப் பீக்கைப் பாத்துட்டு பென்சைல் அசிட்டேட்டோட அசிட்டைல்னு நெனச்சு, தப்பான எஸ்டரைச் செஞ்சுட்டேன்னு லேப்ல உக்காந்து அழுதேன். லேப் பாக்கிற கையுறை சார் வந்து, 'இது எஸ்டர் இல்லம்மா, உன் சோம்பேறித்தனம்'னு எல்லார் முன்னாடியும் திட்டினார். அந்தப் படத்தைக் கனவுல காட்டினாலும் எனக்குத் தெரியும்." தாளை மறுபடி பார்த்தாள். "பரீட்சையில நான் இதைச் சரியாப் பாக்கவே இல்ல போலிருக்கே. பாத்ததும் இது என்னுதுன்னு தெரிஞ்சிடுச்சு. மனசுல இருந்ததை எழுதிட்டு வந்துட்டேன்."

கருவியோடு இணைந்த கணினியில் படங்களுக்குப் பெயர் கிடையாது. எந்தத் தட்டில், எந்தக் குழியில் குழாய் நின்றதோ அந்த எண்தான். அவளிடமிருந்த பழைய எத்தில் பென்சோயேட் பாட்டில் மஞ்சளடித்துப் போயிருந்தது. புதிதாக ஒன்று செய்து படம் எடுக்கச் சோம்பல். ஆராய்ச்சி மாணவர்களுடையது என்று நினைத்துத்தான், கணினியில் இருந்த எத்தில் பென்சோயேட் படங்களில் லட்சணமான ஒன்றை எடுத்தாள்.

இருந்தாலும் உள்ளே ஒரு குரல் விடவில்லை. கெட்டிக்காரப் பெண். இந்நேரத்துக்கு ஒரு கதை கட்டியிருக்க முடியாதா?

"இதை ஏன் அன்னிக்கே என்கிட்ட சொல்லல?"

சிட்டு தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "நீங்க வேணும்னே போட்டீங்கன்னு நெனச்சேன்."

"என்ன சொல்ற?"

"எனக்காக. என் படத்தையே குடுத்தா எனக்குத் தெரிஞ்சிடும்னு. அதான் உங்க கேள்வின்னு தெரிஞ்சுது. வேற யாருக்கு என் படம் வேணும்?" அவள் கண் நிறைந்துவிட்டது. "வீட்டுக்கு வந்து உங்க முகத்தைப் பாக்கவே பிடிக்கல. நானே பாஸ் பண்ண மாட்டேனா? இப்படித் தூக்கிவிட்டுத்தான் வரணுமான்னு… சொன்னா உங்களுக்கு அசிங்கம். சொல்லலன்னா எனக்கு அசிங்கம்."

செய்தித்தாள் இறங்கியது. "ரெண்டு பேரும் ஒரே வீட்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் துப்பறிஞ்சிருக்கீங்க" என்றார் கணவர். "எனக்கெல்லாம் இதுக்குச் சம்பளம் தர்றாங்க."



*

மறுநாள் காலை டீச்சர் நேரே ஆய்வகத்துக்குப் போனாள். செய்முறை வகுப்பை மேற்பார்க்கும் ஆராய்ச்சி மாணவன் தேநீர் குடிக்கும்போதுகூடக் கையுறையைக் கழற்றாதவன்.

"இந்த வருஷம் எஸ்டர் செய்யும்போது யாராவது அசிட்டோன் பீக்கைப் பாத்துட்டு அழுதாங்களா?" என்று நூல் விட்டுப் பார்த்தாள்.

அவன் சிரித்தான். "உங்க வீட்டுப் பொண்ணுதான் மேடம். தப்பான எஸ்டர் வந்துடுச்சுன்னு ஒரே அழுகை. கூட வேலை செஞ்ச பொண்ணு சமாதானப்படுத்திக்கிட்டு இருந்தா." அதற்குள் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன் மேடம் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். நேற்றுச் சாயங்காலம் சிட்டுவை இப்படித்தான் தானும் பார்த்திருப்போம் என்று டீச்சருக்குத் தோன்றியது.

படியிறங்கும்போது மனசு பேரம் பேசியது. பேசாமல் முழு மதிப்பெண் போட்டுக் கட்டைக் கொடுத்துவிடலாம். அந்த வரியை இன்னொருவர் படிக்கப் போவதில்லை. சிட்டு திருடவில்லை என்பதும் உறுதியாகிவிட்டது. ஆனால் சிட்டுவும் அவளோடு வேலை செய்த பெண்ணும் அந்தப் படத்தை முன்பே பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் மற்றவர்கள் திட்டைக் கேட்டார்களே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. கேள்வி கெட்டுப்போனது உண்மை, கெடுத்தது அவள்தான். தவிர, இன்றைக்கு வாயை மூடினால் சிட்டுவின் சந்தேகம் உண்மையாகிவிடும்.

தராசின் அறையில் ஊசியும் உட்கார்ந்திருந்தார். டீச்சர் விடைத்தாளையும் அசல் படத்தையும் வினாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். தராசு எதையும் நிறுக்காமல் கேட்டதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"இந்தத் தாளை எப்பப் பாத்தீங்க?"

"நேத்து, சார்."

"நேத்தே ஏன் சொல்லல?"

ஊசி மெல்லச் சொன்னார், "கையெழுத்து புரியலன்னாங்க சார்."

டீச்சர் தரையைப் பார்த்தாள். "அவ வீட்ல கேள்வியைத் திருடிட்டான்னு நெனச்சேன். முதல்ல அது நிஜமான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

"நிஜமா இருந்திருந்தா?"

இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

"அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேற" என்றார் ஊசி. இந்த முறை குரலில் குத்தல் இல்லை. "நீங்க சொல்றபடியும் அடுக்கலாம் மேடம். அத்தையும் பொண்ணும் சேர்ந்து பண்ணிட்டு, எழுதக் கூடாத ஒரு வரியை எழுதி மாட்டினதும் கதை சொல்றாங்கன்னும் அடுக்கலாம். வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டுக்கும் ஒரே வாய்ப்பாடுதான்."

"அப்ப இன்னொரு படம் வேணும்" என்றார் தராசு. மேஜை இழுப்பறையைத் திறந்து, அவருடைய பழைய ஆராய்ச்சிக் காலத்துப் படங்களைக் கிளறினார். "ஒரு பக்கமும் பாக்கல, இன்னொரு பக்கமும் பாக்கல. அந்தப் பொண்ணு வரட்டும். எங்க ரெண்டு பேர் முன்னாடி இதைப் போட்டுக் காட்டட்டும். ஆற்றல் கணக்கை இவர் கேப்பார். நீங்க வெளியில இருங்க."

சிட்டு வந்தாள். சேதி தெரிந்ததும் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். உள்ளே போகுமுன் டீச்சரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்; கதவு சாத்திக்கொண்டது.

தாழ்வாரத்தில் நாற்காலி இல்லை. டீச்சர் அறிவிப்புப் பலகை எதிரே நின்று, அதில் இருந்த எல்லாவற்றையும் படித்தாள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. உள்ளே ஊசியின் குரல், பிறகு மௌனம், பிறகு தாள் புரட்டும் சத்தம். மௌனம் நீளும்போதெல்லாம், 'தெரியலையோ' என்று உள்ளே ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. எல்லாம் விளங்கி, கையுறை சாட்சி சொல்லி, தானே வந்து ஒப்புக்கொண்ட பிறகும் அது போகவில்லை. தன்னையே ஓங்கி ஒரு குட்டுக் குட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

கதவு திறந்தது. முதலில் ஊசி வந்தார். "தண்ணி குடிச்ச மாதிரி போட்டுட்டா மேடம். என் கேள்வியில ஒரு தப்பு இருந்துச்சு, அதையும் காட்டிட்டா. போன வருஷம் இதே கேள்விக்கு நான் பதினோரு பேரை ஃபெயில் ஆக்கினேன். அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தராசு தீர்ப்பைச் சொன்னார். நான்காவது கேள்வி எல்லோருக்கும் ரத்து; மற்ற கேள்விகளை வைத்தே மதிப்பெண். சிட்டுவின் மேல் எதுவும் இல்லை, தாளில் குறிப்பும் வராது. டீச்சர் இந்த வருஷமும் அடுத்த வருஷமும் கேள்வி தயாரிக்கவோ திருத்தவோ கூடாது. "இது தண்டனை இல்ல" என்று தொடங்கி, கொஞ்சம் யோசித்து, "தண்டனைதான்" என்று முடித்தார்.

இருவரும் வெளிவாசல் வரை நடந்தார்கள். சிட்டு சிறப்பாக எழுதிய கேள்வி போய்விட்டது. ஆனாலும் மேல்படிப்பு இடம் போகாது. டீச்சர் அதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தாள்.

"அத்தை, ஹாஸ்டல்ல ரூம் இருக்காம். கேட்டுட்டு வந்தேன்."

டீச்சர் நின்றாள். "எப்பக் கேட்ட?"

"காலையில. நீங்க லேப்புக்குப் போனப்ப." சிட்டு பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ஒவ்வொரு பரீட்சைக்கும் நீங்க என்னைப் பாப்பீங்க, நான் உங்களைப் பாப்பேன். நேத்துக் காய் நறுக்கும்போது பாத்தீங்களே, அந்த மாதிரி."

"கோபமா?"

"இல்ல அத்தை."

அந்த 'இல்ல' கொஞ்சம் சீக்கிரம் வந்ததா, குரல் லேசாகத் தழைந்ததா, கண் எங்கே பார்த்தது என்று மனசு அதற்குள் சேகரிக்கத் தொடங்கிவிட்டது. டீச்சருக்கு அது தெரிந்தது. இன்னொரு கேள்வி கேட்டால் உண்மை வந்துவிடும் என்பதும் தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்த கேள்வியை விழுங்கினாள்.

"பெட்டி தூக்க மாமாவை வரச் சொல்றேன்" என்றாள்.

"அவர் சாவியைத் தேடி எடுத்து வர்றதுக்குள்ள ரூம் வேற யாருக்காவது போயிடும்" என்றாள் சிட்டு. பாதிச் சிரிப்பு.

"அப்ப நானே வரேன்" என்றாள் டீச்சர். சாலையைக் கடப்பதற்காக இருவரும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.